நீல வளையக்காரி

அந்தத் தாமான் குடியிருப்பில் ஓர் ஆண் தன் பிள்ளையைக் கொஞ்சலாம். வளர்ப்பது மட்டும் வெளியில் தெரியக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. குடியிருப்போர் கூட்டத்தில் தெருநாய்களைப் பற்றியும் கார் நிறுத்தும் இடங்களைப் பற்றியும் தொண்டை வறள வாதிட்டவர்கள், இதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ஆயினும் செனாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவே, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கும் அந்த வரிசை வீடுகள் அனைத்தும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டிருந்தன. தெருவில் நின்று பிள்ளையைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கலாம். மோட்டாரின் முன்னால் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். ஆனால் கையில் பால் புட்டியோ கஞ்சிக் கிண்ணமோ வாய் துடைக்கும் துணியோ இருந்தால், கேட்டை நெருங்குவதற்குள் அது ஒரு பெண்ணின் கைக்கு மாறிவிட வேண்டும்.

விதியைக் கடைப்பிடிப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நேர்த்தி இருந்தது. பக்கத்து வீட்டுக் கனகராஜின் மனைவி, விடியுமுன்பே சிங்கப்பூருக்குப் பேருந்து ஏறுகிறவர். மகளைக் குளிப்பாட்டி, சீருடை மாட்டி, சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது கனகராஜ்தான். இடக்கைக்காரர் என்பதால் அந்தச் சடை எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும். தெருவே அந்தச் சாய்வைப் பார்த்துப் பழகியிருந்தது. என்றாலும், பள்ளி வேன் வரும் நேரத்தில் அவர் கேட்டுக்கு வெளியே நின்று காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பார். மகள் தானாகக் கதவைத் திறந்து, தானாக வேனில் ஏறுவாள். "பொம்பளப் புள்ள, அதுவே சீவிக்குது லா" என்பார், யாரும் கேட்காதபோதே.

ரூபேந்திரன் இந்த விதியில் தேர்ந்தவன். அவனுடைய மகள் யுவனேஸ்வரிக்கு இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. அவள் கஞ்சியை எந்தச் சூட்டில் ஏற்பாள், எந்த ராகத்தில் உறங்குவாள், ஈறு நமைக்கும்போது எந்த விரலைக் கேட்பாள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் வாசலில் யாராவது வந்து அழைத்தால், பிள்ளையைக் கட்டிலில் விட்டு, தோள் துணியை உதறி நாற்காலியில் போட்டுவிட்டு, இப்போதுதான் தூங்கி எழுந்தவனைப் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவான். அந்தக் கண் கசக்கலை அவனே கண்டுபிடித்தான் என்பதில் அவனுக்குச் சிறிது பெருமையும் உண்டு.

அவர்கள் வீட்டின் ஏற்பாடு வேலைகளின் நேரத்திலிருந்து பிறந்தது. அவன் மனைவி ஷாமளா பறவைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது காலையில் என்பதால், இருள் பிரியுமுன் காரை எடுத்துக்கொண்டு யோங் பெங் பக்கம் போய்விடுவாள். ரூபேந்திரனுக்குச் செனாயில் விமானச் சரக்குக் கிடங்கில் பிற்பகல் ஷிப்ட். அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் வேளையில் அவன் சப்பாத்தை மாட்டுவான். பிள்ளை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறும். "கஞ்சி குடிச்சாச்சு, தூக்கம் பாதி பாக்கி" என்பது போல ஒரு வரி. அதற்குமேல் பேச நேரமிராது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூவரும் ஒரே அறையில் இருப்பார்கள். அன்று யுவனி யாரிடம் போவது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

ஷாமளா ஆராய்ந்த பறவைக்கு மலாய்க்காரர்களிடம் மெர்பா என்று பெயர், தமிழில் சின்னான். பழுப்பு முதுகு, வெளுத்த முகம், கண்ணின் ஊடே கரிய கோடு, வாலுக்கு அடியில் ஒரு மஞ்சள் தீற்று. வேலியில், மின்கம்பியில், காயும் துணியில்கூட உட்காரும் பறவை. குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் வேலையை ஆணும் பெண்ணும் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பங்கு எல்லா இடத்திலும் ஒன்றுதானா, இல்லை வாழும் இடம் அதை மாற்றுகிறதா என்பதே அவளுடைய கேள்வி. இதற்காகச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் கூடுகளையும், பழமரங்கள் சூழ்ந்த கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துக் கூடுகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கம்பத்துல பப்பாளி, கொய்யா, பூச்சி புழு எல்லாம் கூட்டுக்குப் பக்கத்துலயே கெடைக்குது" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, யுவனிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்த கணவனிடம் விளக்கினாள். "ஒருத்தர் போயிட்டு வந்தாலே குஞ்சுங்க வயிறு நெறஞ்சிடும். இன்னொருத்தர் கம்பியில உக்காந்து பாட்டுப் பாடலாம்."

"செம்பனையில?"

"அடியில எல்லாம் மருந்து அடிச்சிடுறாங்க. எதுக்கும் தூரம் போவணும். ஒருத்தரால முடியாது. அதனால ரெண்டும் மாத்தி மாத்திப் பறக்குது. இதுவரைக்கும் நான் பாத்ததுல அப்படித்தான் தெரியுது. முடிவா சொல்ல இன்னும் நாளாவும்."

"அப்ப கம்பத்து ஆம்பள சோம்பேறி. செம்பனை ஆம்பள தங்கமானவன்."

"அலமாக். இப்படி எழுதுனா என் ப்ரொஃபசர் என்னைய வெளிய தள்ளிடுவாங்க" என்று சிரித்தாள் ஷாமளா. "அவன் நல்லவனா கெட்டவனான்னு கேக்கக் கூடாது ரூபன். எங்க கூடு கட்டியிருக்கான்னு கேக்கணும்."

"நம்ம வீடு எந்த ரகம்?"

"ரெண்டு பேரும் ஓடுற ஓட்டத்தப் பாரு. செம்பனைத் தோட்டமேதான்."

அவள் வேடிக்கையாகச் சொன்னது, தாமானுக்கும் பொருந்தியது. இரண்டாவது காரை நிறுத்துவதற்காக ஏறக்குறைய எல்லா வீடுகளும் முன்வாசலைச் சிமெண்டால் மூடியிருந்தன. மண் எஞ்சியிருந்த சில வாசல்களுள் ரூபேந்திரனுடையதும் ஒன்று. அங்கே கேட்டை ஒட்டி நின்ற லீமாவ் என்னும் எலுமிச்சைச் செடியில் அவ்வாண்டு ஒரு சின்னான் இணை கூடு கட்டத் தொடங்கியது. ஷாமளா மகிழ்ந்து போனாள். உரிய அனுமதியோடு வலை விரித்து, இரண்டையும் பிடித்து, ஒன்றின் காலில் நீல வளையமும் மற்றதன் காலில் சிவப்பு வளையமும் இட்டு, ஆளுக்கொரு சிறு இறகை எடுத்துக்கொண்டு பறக்கவிட்டாள். சின்னானில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது எதுவென்று இறகைக் கொண்டு ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். அங்கே காத்திருப்போர் வரிசை நீளம்.

அந்தக் கூட்டைக் காலையில் பார்க்கும் பொறுப்பு ரூபேந்திரனுக்கு வந்தது. குஞ்சுகள் பொரித்த நாள் முதல், யுவனியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சன்னல் திரைக்குப் பின்னால் நின்றபடி, எது எப்போது வருகிறது என்று கைப்பேசியில் குறித்து வைத்தான். திரைக்குப் பின்னால் நின்றது பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக மட்டும் அல்ல.

நீல வளையம் ஓயவில்லை. மின்கம்பிப் பாதைக்கு அடியில் புதர் மண்டிய பகுதி வரை போய், வாயில் புழுவோ பழத் துண்டோ கவ்வி வந்து ஊட்டும். குஞ்சுகளின் எச்சத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொலைவில் போட்டுவிட்டு வரும். மழை தூறினால் கூட்டின் மேல் சிறகை விரித்து உட்காரும். சிவப்பு வளையமும் இரை கொண்டு வந்தது. ஆனால் அதைவிட மிகுதியாகக் கனகராஜ் வீட்டு ஆண்டெனாவில் அமர்ந்து, பூனையைக் கண்டால் கத்தித் தீர்த்தது.

"அம்மா வந்துட்டா பாரு" என்பான் ரூபேந்திரன், நீல வளையம் இறங்கும்போதெல்லாம். "நீல வளையக்காரி வந்துட்டா. அப்பா எங்க? அதோ, பெரிய மனுசன் மேல உக்காந்து ஊர் நியாயம் பேசுறாரு."

யுவனி அவன் காதைப் பிடித்து இழுத்துச் சிரிப்பாள். ஷாமளாவும் அப்பெயர்களையே பயன்படுத்தினாள். ஆய்வுக்கூடத்தின் முடிவு வரும்வரை பெயர் சூட்டக் கூடாது என்பது அவள் துறையின் பாலபாடம். தோட்டத்துக் கூடுகளில் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறவள், சொந்த வாசலில் நழுவிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த சங்கடம் பறவையால் வந்ததல்ல; ஒரு சிறு பொய்யால் வந்தது. ஷாமளாவின் அக்கா வாசுகி யோங் பெங்கில் இருந்தாள். தங்கை மீண்டும் தோட்டத்துக்குப் போகத் தொடங்கியபோது, காலையில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். "எதிர் வீட்டுக் காளியம்மாக்கா" என்று ஷாமளா சட்டென்று சொன்னாள். அருகில் நின்ற ரூபேந்திரனுக்கு அது கேட்டது. கேட்டதும் நெஞ்சில் ஓர் இதம் பரவியதை அவன் மறுக்க மாட்டான். விதி காப்பாற்றப்பட்டது, தன் பெயர் எங்கும் வரவில்லை.

பிழை எதில் என்றால், ஆளைத் தேர்ந்தெடுத்ததில். காளியம்மா காலை முழுவதும் தாமான் முனையில் நாசி லெமாக் சோறு விற்கிறவர். தாமானில் ஒரு கைக்குழந்தைக்கும் தெரிந்த இந்தச் செய்தி, யோங் பெங்கில் இருந்த வாசுகிக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் பொய் பல மாதம் ஓடிற்று. குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்த அந்த வாரம் ஏதோ வேலையாக ஜொகூர் பாருவுக்கு வந்த வாசுகியும் அவள் கணவர் சுகுமாறனும், போகிற வழியில் பசியாறலாம் என்று தாமான் முனையில் காரை நிறுத்தினார்கள்.

அன்று பிற்பகல் காளியம்மாவே கேட்டுக்கு வந்து, நடந்ததைச் சொன்னார். ரூபேந்திரன் வேலைக்குக் கிளம்பி ஷாமளாவின் அருகில்தான் நின்றுகொண்டிருந்தான். ஆனாலும் அவர் அவனைப் பார்க்காமல் லீமாவ் செடியையே பார்த்துப் பேசினார்.

"ஒங்க அக்கா என் கையப் புடிச்சிக்கிட்டு, எங்க புள்ளைய இவ்ளோ நாளா பாத்துக்கிறீங்களே, ரொம்ப நன்றின்னாங்க. நான் எந்தப் புள்ளன்னு கேட்டுட்டேன். வாயி முந்திக்கிச்சு."

"அப்புறம்?" என்றாள் ஷாமளா.

"அப்ப யாருதான் பாத்துக்கிறான்னு கேட்டாங்க. நான் என்னத்தம்மா சொல்றது? ஆளு இருக்குன்னேன். என்னா ஆளுன்னாங்க. சம்பால் இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு கேட்டேன்." காளியம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். "எனக்குத் தெரியாமலா? தெனம் காலையில கடைக்கிப் பொருள் எடுக்க வர்றப்ப இங்கேருந்து தாலாட்டுக் கேக்குது. ஆனா நான் எப்படி அத என் வாயால சொல்றது."

தாலாட்டு என்ற சொல் வந்ததும் ரூபேந்திரன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை மறுபடி கட்டினான்.

வாசுகியின் அழைப்பு மாலைக்குள் வந்துவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. அதுதான் கடினமாக இருந்தது. தங்கை ஒண்டியாக அல்லாடுகிறாள், கேட்கக் கூச்சப்பட்டு ஆள் இருப்பதாகப் பொய் சொல்கிறாள், பிள்ளை யார் யார் கையிலோ வளர்கிறது: அவள் கண்ட விளக்கம் இதுதான். அவள் சொன்ன தீர்விலும் குறை காண முடியவில்லை. ஷாமளா அன்றாடம் யோங் பெங்குக்குத்தான் வருகிறாள். ஆய்வு முடியும்வரை பிள்ளையோடு அங்கேயே தங்கிவிடட்டும். வீடு பெரியது, ரூபேந்திரன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம். வரும் ஞாயிறு வந்து அழைத்துப் போகிறேன் என்று முடித்தாள்.

ஷிப்ட் முடிந்து வந்தவனிடம் ஷாமளா இதைச் சொன்னபோது, அவன் குடித்துக்கொண்டிருந்த மைலோவைக் கீழே வைத்தான்.

"நீ என்னா சொன்ன?"

"யோசிச்சிச் சொல்றேன்னேன்."

"வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"ஏன் வேணாம்னு அடுத்த கேள்வி வரும். வீட்டுல ரூபன் இருக்கான்னு நான் சொன்னா, அக்கா என்னா சொல்லும் தெரியுமா? பறவை பாக்குறதுக்காகப் புருசன ஆயாவா ஆக்கிட்டியாடின்னு கேக்கும். நீ சொன்னா அந்தக் கேள்வி வராது." அவள் குரல் தணிந்தது. "இத நீதான் சொல்லணும் ரூபன். ஒனக்காக நான் பொய் சொல்லிட்டேன். ஒனக்காக உண்மையும் நானே சொல்ல முடியாது."

ஆயா என்ற சொல் அவனைச் சுட்டது. ரப்பர்த் தோட்டத்தில் தாய்மார் பால்வெட்டுக்குப் போன காலத்தில், பிள்ளைகளை ஒரு கொட்டகையில் போட்டுப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு ஆயா என்று பெயர். தோட்டங்கள் மறைந்தும் பெயர் மறையவில்லை. கிடங்கில் அவனோடு வேலை செய்த விக்னேஷ், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அடிக்கடி விடுப்பு எடுத்ததற்காக ஆயா ஆனான். வேறு பகுதிக்கு மாறிப் போன பின்னும், பெயர் அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. விக்னேஷ் அதற்குச் சிரிக்கப் பழகியிருந்தான். அந்தச் சிரிப்பைத்தான் ரூபேந்திரனால் தாங்க முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்றான்.

ஷாமளா பிள்ளையின் துணிகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். அவை அலமாரிக்கா பைக்கா என்று அவனால் கேட்க இயலவில்லை.

சனிக்கிழமை காலை அவள் தோட்டத்துக்குப் போகவில்லை; வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். ரூபேந்திரன் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தான். குஞ்சுகள் பெருத்துக் கூட்டின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கிக்கொண்டிருந்தன. நீல வளையம் ஒரு பச்சைப் புழுவோடு வந்து இறங்கியது. "அம்மா வந்துட்டா" என்று அவன் தொடங்குகையில், பின்னாலிருந்து ஷாமளா சிரிப்பது கேட்டது. முதலில் மெல்லவும், பிறகு அடக்க முடியாமலும் சிரித்தாள்.

"ரூபன், ஆய்வுக்கூடத்துலேருந்து வந்திடுச்சு. நம்ம நீல வளையக்காரி ஆம்பள."

"எது?"

"நீலம் ஆண். சிவப்பு பெண். நம்ம பெரிய மனுசன் உண்மையில பெரிய மனுசி." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் மானத்த வாங்கிருச்சு போ. யாரு அடிக்கடி ஊட்டுறாளோ அவதான் அம்மான்னு நானும் சேந்து சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். வாத்தியாரம்மா பாத்திருந்தா தொலைஞ்சேன். தோட்டத்துக் கூட்டுலயும் எங்கயாச்சும் இப்படிச் சறுக்கியிருக்கேனான்னு தேடிப் பாக்கணும் இப்ப."

அவள் திருத்தத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அது, உரிய நேரத்தில் பிடிபட்ட பிழை, திருத்திவிட்டால் தீர்ந்தது. ரூபேந்திரனுக்கு அவ்வாறு தீரவில்லை. ஷாமளாவாவது பாதி நேரம் வீட்டில் இல்லாதவள். அவனோ அன்றாடம், தோளில் பிள்ளையும் தோள்மேல் துணியும் கையில் கஞ்சி வாசமுமாக நின்று, தன்னைப் போலவே ஓடி ஓடி ஊட்டிய ஒன்றைப் பார்த்து, தயக்கமே இல்லாமல் அம்மா என்று அழைத்திருக்கிறான். மகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறான். அண்ணி வாசுகி ஏமாந்தாள், கிடங்கு கேலி செய்தது, தெரு கண்ணை மூடிக்கொண்டது என்றெல்லாம் பிறரைச் சொல்ல அவனுக்கு வாயில்லை. விதி அவன் கேட்டில் நின்றுகொண்டிருக்கவில்லை. அவன் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது.

யுவனி கையை நீட்டி, சன்னலுக்கு அப்பால் எதையோ காட்டி, "ம்மா" என்றாள்.

"இல்லடா" என்றான் ரூபேந்திரன்.

ஞாயிற்றுக்கிழமை தாமானில் கோத்தோங் ரோயோங். மாதம் ஒரு முறை எல்லா இனத்தாரும் தெருவில் இறங்கிச் சேர்ந்து துப்புரவு செய்யும் நாள். ஆண்கள் சங்குல் மண்வெட்டியும் கூடையுமாக லொங்காங் வடிகாலில் அடைத்திருந்த சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தெரு நடுவில் மேசை போட்டுத் தேநீரும் கறிபாப்பும் வைத்திருந்தார்கள். லீமாவ் செடியை யாரும் வெட்டிவிடாதபடி ஷாமளா அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாள். கனகராஜ் அதைக் கண்டுவிட்டு, "என்னாம்மா, செடிக்குக் காப்புக் கட்டியிருக்கு, திருவிழாவா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் சுகுமாறனின் கார் வந்து நின்றது.

"என்னா சகல, வீட்டு வேலைக்கே ஆளக் காணோம், ஊர் வேலைக்கு நிக்கிறீங்க" என்று சேற்றுக் கையோடு நின்ற ரூபேந்திரனின் முதுகில் தட்டினார் சுகுமாறன். வாசுகி நேராக உள்ளே போய் யுவனியைத் தூக்கி முத்தமிட்டாள். ரூபேந்திரன் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்தது.

"தம்பி, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது" என்றாள் வாசுகி. "ஒங்களக் கொற சொல்லல. நீங்க வேலைக்குப் போற மனுசன். இவ ஒருத்தியா எத்தனயப் பாப்பா? எங்கிட்ட ஒரு வருசம் இருக்கட்டும். புள்ள நல்லா வளரும்."

ஷாமளா கணவனைப் பார்த்தாள். அவன் வாசல் பக்கம் பார்த்தான். திறந்திருந்த கதவின் வழியே கனகராஜும் மற்றவர்களும் சிரித்துப் பேசும் ஓசை வந்தது.

"பாத்துக்கலாம் அண்ணி" என்றான்.

"என்னத்தப் பாத்துக்கிறது? அதான் பாத்தாச்சே." அவள் யுவனியை ஷாமளாவிடம் தந்துவிட்டு, நாற்காலியில் இருந்த யுவனியின் துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பை காரின் பின்புறத்துக்குள் போனது. அது முடிந்தும் அவள் மனம் ஆறவில்லை போலும். தேநீர் மேசைக்குப் போய்க் காளியம்மாவின் முன் நின்றாள். ரூபேந்திரன் கேட்டின் உட்புறம் வரை வந்து நின்றுவிட்டான்.

"அக்கா, இப்பவாச்சும் சொல்லுங்க. கோவப்பட மாட்டேன். காலையில இந்தப் புள்ளைய யாரு பாத்துக்கிட்டா?"

காளியம்மா நிறைந்திருந்த கோப்பையிலேயே இன்னும் தேநீர் ஊற்றினார். கனகராஜ் சங்குலின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடி வீட்டு மலாய்ப் பெண்மணிகூட, தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தவராய்க் கறிபாப்புகளைத் தட்டில் அடுக்கலானார். எவரும் ரூபேந்திரன் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டை அவன் கண்டான்.

அவர்கள் அனைவரும் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அண்டை வீட்டான் ஒருவன் தலைகுனியக் கூடாது என்று ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டு நின்றது. அந்த அன்பில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. அந்த அன்பு இன்னும் சற்று நேரம் நீடித்தால் அவன் மகள் காரில் ஏறிவிடுவாள்.

உள்ளே யுவனி அழத் தொடங்கினாள். பசி அழுகை. அது தெரிந்தது அவனுக்குத்தான். ஷாமளா விளையாட்டுச் சாமானை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ரூபேந்திரன் திரும்பி உள்ளே போனான். அடுப்பில் மூடி வைத்திருந்த கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினான். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தான். பூப்போட்ட துணியைத் தோளில் போட்டான். ஷாமளாவிடமிருந்து பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். கூடவே எழுந்து வந்தவள் வாசற்படியில் நின்றுகொண்டாள்.

அவன் முழங்காலால் கேட்டைத் தள்ளித் திறந்தான். கிண்ணத்தோடும் துணியோடும் பிள்ளையோடும் தெருவில் இறங்கி, மேசையருகே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு காலால் நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நான்தான் அண்ணி" என்றான். "காலையிலேருந்து நான் வேலைக்குக் கெளம்புற வரைக்கும் நான்தான் இவளப் பாத்துக்கிறேன். குளிப்பாட்டுறது, கஞ்சி ஊட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம். வேற ஆளு யாரும் இல்ல. ஷாமு ஒருத்தியா அல்லாடல. என் மானம் போவக் கூடாதுன்னு பொய் சொன்னா, அவ்ளோதான்."

வாசுகி அவனைப் பார்த்தாள். பிறகு கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு, ஸ்பூனைக் கண்டதும் அழுகையை நிறுத்தி வாயைத் திறந்த யுவனியைப் பார்த்தாள்.

"என்னா ரூபன்" என்று கனகராஜின் குரல் வந்தது, கேலியை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல. "ஆயாக் கொட்டகை தொறந்துட்டியா?"

"ஆமாண்ணே. ஒங்க வீட்டுல எப்பவோ தொறந்தாச்சு. நான் இப்பத்தான் போர்டு மாட்டுறேன்."

முதலில் சிரித்தது காளியம்மா. அடுத்து, யாரும் எதிர்பாராத விதமாக, கனகராஜே சிரித்தார். சுகுமாறன் எதைப் பற்றிய சிரிப்பு என்று புரியாமலே சேர்ந்துகொண்டார்.

வாசுகி சிரிக்கவில்லை. அருகில் வந்து நின்று, அவன் ஊட்டும் விதத்தை வெகுநேரம் கவனித்தாள். அவன் அரை ஸ்பூன் எடுத்து, கீழுதட்டில் மெல்லத் தொட்டு, பிள்ளை தானாக வாய் திறக்கும்வரை காத்திருந்து ஊட்டினான். ஒரு முறைகூடக் கஞ்சி சிந்தவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றாள் கடைசியில்.

"சொல்லியிருக்கணும் அண்ணி."

அவள் காருக்குப் போய்த் துணிப்பையை எடுத்து வந்து அவன் நாற்காலியின் காலருகே வைத்தாள். "அப்பப்ப யோங் பெங்குக்கும் கூட்டிட்டு வாங்க. புள்ள மொகம் மறந்திடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தேநீர்க் கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு தங்கையின் பக்கத்தில் போய் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

கிண்ணம் காலியானது. வயிறு நிறைந்த யுவனிக்குக் கண் சொருகியது. வழக்கமாக இந்த நேரத்தில் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்குவான். ரூபேந்திரன் துணியால் மகளின் வாயைத் துடைத்து, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தான். தெருவின் நடுவில், சங்குல்களுக்கும் சேற்றுக் கூடைகளுக்கும் இடையே மெல்ல நடந்தபடி, எல்லார் காதிலும் விழும்படி தாலாட்டைப் பாடத் தொடங்கினான்.